வளையத்தில் ஒட்டிய சந்தனம்

பசையின் நம்பரைச் சொன்னது லோகேஸ்வரன்தான். முப்பத்தொன்று. அதோடு வாயை மூடியிருக்கலாம். "நாப்பத்திரண்டு வரணும்ல? ஏன் இறங்கிச்சு?" என்று மாணிக்கவேல் கேட்டதும், தெரிந்ததைச் சொல்லிவிடுகிற புத்தி முந்திக்கொண்டது.

"சோப்பு மாதிரி எதுனா கலந்தா இறங்கும் சார்."

"எல்லா ட்ரம்முலயுமா?"

"எல்லாத்துலயும் அதே நம்பர்தான் சார் காட்டுது."

மாணிக்கவேல் மெதுவாகத் தலையாட்டினான். பல நாளாக எதிர்பார்த்த பார்சல் வீடு தேடி வந்த மாதிரி இருந்தது அவன் முகம். "எவன் கலந்தான்னு நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, கண்ணாடிக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனான்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திறந்த முதல் காலை அது. வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் இருந்தது கோதண்டபாணியின் ஜரிகைத் தொழிற்சாலை. வெள்ளியும் தங்கமும் அல்ல, பிளாஸ்டிக் ஜரிகை. உலோகம் பூசிய பாலியஸ்டர் படலங்களைப் பசையால் ஒன்றோடொன்று சேர்த்து, சூடான உருளைக்கு நடுவே அழுத்தி, நூல் அகலத்துக்குக் கீறிச் சுற்றி விற்பார்கள். பிள்ளையார்பாளையத்துப் பட்டுத் தறிக்காரர்கள் இதைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். விசைத்தறிக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போவார்கள். கோதண்டபாணிக்கு அது போதும். அவர் சரக்கு விஷயமாகச் சூரத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாட்களில் மச்சான் மாணிக்கவேல்தான் முதலாளி.

லோகேஸ்வரன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். கண்ணாடி அறைக்குள் அவனிடம் ஒரு கருவி இருந்தது. தராசிலிருந்து ஒரு மெல்லிய பிளாட்டின வளையம் தொங்கும். வளையத்தைப் பசைக்குள் முக்கிவிட்டு, பசைக் கிண்ணம் இருக்கும் மேடையை மெல்லக் கீழே இறக்க வேண்டும். பசை வளையத்தை விட மனமில்லாமல் ஒரு தோலைப் போல நீளும். நீண்டு நீண்டு ஒரு கட்டத்தில் அறும். அறுவதற்கு முன் அது எவ்வளவு பலமாக இழுத்தது என்பதுதான் நம்பர். பசையின் பரப்பு இழுவிசை. அது சரியாக இருந்தால் பசை படலத்தின் மேல் ஒரே சீராகப் பரவும். இல்லாவிட்டால் எங்கோ கூடும், எங்கோ குறையும், ஜரிகை உரியும்.

அந்த வளையம் சுத்தமாக இருக்க வேண்டும். விரல் பட்டாலே கெட்டுவிடும். கழுவி, நெருப்பில் பிடித்து, செக்கச்செவேலென்று பழுக்கவிட்டு எடுத்தால்தான் அது சொல்வது உண்மை.

பூஜையன்று மாணிக்கவேல் சந்தனக் கிண்ணத்தோடு மெஷின் மெஷினாகப் போனான். உருளைக்கு வைத்தான், கீறும் பிளேடுக்கு வைத்தான், ஆபீஸ் கம்ப்யூட்டரின் நெற்றியிலும் வைத்தான். கண்ணாடி அறைக்கு வந்து, கருவியின் மூடியைத் திறந்து, வளையத்திலேயே ஒரு விரல் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் அப்பினான். "இதுவும் சோறு போடற மெஷின்தானபா" என்றான். லோகேஸ்வரன் சொல்ல வாயெடுத்தான். பின்னால் எல்லோரும் பொரித் தட்டோடு நின்றார்கள். வாயை மூடிக்கொண்டான்.

இன்று காலை சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. பர்னரைப் பற்ற வைக்கப் போனபோது மாணிக்கவேல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். கைகளைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் அதே குங்குமத்தோடு. அவன் சாமிக்கு வைத்த சந்தனத்தை அவன் கண் முன்னாலேயே நெருப்பில் காட்டிப் பொசுக்குவதா? அதுவும் காலனியிலிருந்து வருகிற ஒருவன்? நாளைக்கு அந்தக் கதை எப்படிக் கை கால் முளைத்து ஊருக்குள் நடக்கும் என்று லோகேஸ்வரனுக்குத் தெரியும். ஈரத் துணியால் துடைத்தான். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. முக்கினான்.

முப்பத்தொன்று.

பசை அறையில் ட்ரம் ஒன்று உருண்டு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆள் மோதுகிற சத்தம். இரண்டும் வேறு வேறு.

பசை கலக்குகிறவன் டேனியல். தென்னேரி ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் லோகேஸ்வரன் வீட்டுக்கு எதிர் வீடு. தினமும் ஒரே பைக்கில் வேலைக்கு வருவார்கள். டேனியலின் மனைவி ஏஞ்சல் இங்கேயே சுற்றும் பிரிவில் வேலை செய்தாள். பூஜைக்கு முன்பு ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில், மாணிக்கவேல் ஏஞ்சலின் இடுப்பைப் பற்றி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னான். டேனியல் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். சட்டை கிழிந்தது. காலரில் சாம்பார் ஒட்டியது. கோதண்டபாணி சிரித்துச் சமாதானம் செய்தார். மாணிக்கவேல் சிரிக்கவில்லை.

லோகேஸ்வரன் பசை அறை வாசலுக்குப் போனான். டேனியலின் கைகளை முறுக்கிப் பின்னால் பிடித்திருந்தான் சரத்குமார், லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். இன்னொரு மூட்டைக்காரன் காலைப் பிடித்திருந்தான். மாணிக்கவேல் கையில் ரப்பர் குழாய்.

"எந்தக் கடைல வித்தடா என் பசையை?"

"நான் எதையும் விக்கல."

குழாய் விழுந்தது. கழுத்துக்கும் காதுக்கும் நடுவே.

"பசையை வித்துட்டு, சாயப் பட்டறைலர்ந்து சோப்பு எண்ணெ வாங்கியாந்து ஊத்திக் கீற. மெஷினே சொல்லிடுச்சி. மெஷினு பொய் சொல்லுமா?"

"மெஷின் சொல்லல. நீ சொல்ற."

மறுபடி குழாய். இந்த முறை வாயில். டேனியல் துப்பினான், சிவப்பாக, மாணிக்கவேலின் வெள்ளைப் பேண்ட்டில். பிறகு தலையைப் பின்னால் வீசினான். சரத்குமாரின் மூக்கு உடைந்த ஓசை முறுக்கை ஒடித்த மாதிரி கேட்டது. பிடி விட்டது. டேனியல் முழங்கையால் இன்னும் ஒன்று கொடுத்து, காலைப் பிடித்திருந்தவனை உதைத்து எழுந்தான். எழுந்தவனின் விலா எலும்பில் மாணிக்கவேல் ட்ரம் மூடியைத் திருகும் இரும்புச் சாவியை இறக்கினான். டேனியல் மண்டி போட்டான். மூச்சு வரவில்லை. மூக்கில் ரத்தம் வழிய சரத்குமார் மறுபடி அவன் மேல் ஏறி உட்கார்ந்தான்.

"லோகு." டேனியல் வாசலைப் பார்த்துவிட்டான். "சொல்லுபா இவங்களுக்கு."

"சார்," என்றான் லோகேஸ்வரன். "இன்னொரு வாட்டி அளந்துட்டு வரேன் சார். அதுவரைக்கும்..."

"எத்தினி வாட்டிடா அளப்ப? அவன் உன் ஆளுன்னா நம்பர் ஏறிடுமா?"

"மெஷினு கிடக்கட்டும்!" தரையில் கன்னம் அழுந்திக் கிடந்தபடியே டேனியல் கத்தினான். "பசை ஒட்டுதா ஒட்டலையா? ஒட்டி இழுத்துப் பாருடா! தில் இருந்தா இழுத்துப் பாரு!"

மாணிக்கவேல் கையை ஓங்கியவன் நிறுத்தினான். சுவரோரம் இழுவை மெஷின் நின்றது. ஒட்டிய படலங்களைத் தாடையில் கவ்வி, மோட்டாரால் உரித்து, எவ்வளவு பலத்தில் பிரிகிறது என்று பார்க்கிற மெஷின். அவன் அதைப் பார்த்தான். பிறகு டேனியலின் வலது கையைப் பார்த்தான்.

"கரெக்டா சொன்னபா. இழுத்துப் பாக்கறதுதான் நியாயம். நீ சோப்பு ஊத்தின பசைதானே? ஒட்டாது. கை சும்மா வந்துடும்." சரத்குமாரிடம் திரும்பினான். "அந்த கான்வாஸ் பட்டையை எடுறா. ஹீட் கன்னும் எடுத்தா."

லோகேஸ்வரன் உள்ளே ஒரு எட்டு வைத்தான். காலைப் பிடித்திருந்த மூட்டைக்காரன் எழுந்து வந்து அவனை நெஞ்சில் கைவைத்து வெளியே தள்ளி ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இழுத்துவிட்டான். நம்பரால் வந்த வினை, நம்பரால்தான் போகும் என்று லோகேஸ்வரனுக்குப் பட்டது. ஓடினான்.

முதலில் தண்ணீர். சுத்தமான தண்ணீருக்கு எழுபத்திரண்டு வர வேண்டும், உலகத்தில் எங்கே அளந்தாலும். காலையிலேயே பார்த்திருக்க வேண்டிய சோதனை. மேடையை இறக்கினான். ஐம்பத்தொன்பதில் அறுந்தது. வளையத்தைக் கழற்றி லென்ஸில் பார்த்தான். வளையத்தோடு தண்டு சேருகிற மூட்டில், எறும்பின் கண் அளவுக்கு ஒரு மஞ்சள் பொருக்கு.

பர்னரைப் பற்ற வைத்தான். தீக்குச்சி இரண்டு முறை உடைந்தது. நெருப்பில் பிடித்ததும் சந்தன வாசம் வந்தது, பிறகு தீய்ந்த வாசம். வளையம் சிவந்தது. ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. சூடாக முக்கினால் நம்பர் பொய்யாகும். அந்த நேரத்தில்தான் முதல் அலறல் வந்தது. அது அடி வாங்குகிறவனின் குரல் இல்லை. சூடு படுகிறவனின் குரல்.

வளையத்தைக் கொக்கியில் மாட்டினான். மேடையை இறக்கினான். தண்ணீர் நீண்டது.

கதவு படாரென்று திறந்தது. ஏஞ்சல். தலைமுடியில் ஜரிகைத் துணுக்குகள் மின்னின.

"இன்னா பண்ணிக்கினு இருக்கற லோகு அண்ணா? உள்ள அவரைப் போட்டு..."

வந்த காற்றில் தராசு ஆடியது. தோல் அறுந்தது. நம்பர் கெட்டது.

"கதவைச் சாத்துமா!" என்று கத்தினான் லோகேஸ்வரன். "காத்து அடிக்குது!"

அவள் அவனைப் பார்த்த பார்வையில் முதலில் ஒன்றும் புரியவில்லை என்று இருந்தது. பிறகு புரிந்துவிட்டது என்று இருந்தது. "நீ மனுஷனா அண்ணா?" என்றாள். கதவைச் சாத்தவில்லை. ஓடிவிட்டாள். ஷட்டரை அவள் காலால் உதைக்கிற சத்தம் ஷெட் முழுக்க அதிர்ந்தது.

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். மறுபடி முக்கினான். கை நடுங்கினால் மேடை குலுங்கும் என்று, இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். எழுபத்திரண்டு.

அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் பசை நம்பர் இல்லாமல் போய் நின்றால் மாணிக்கவேல் "தண்ணிய அளந்துட்டு வந்தியா?" என்று சிரிப்பான். பசைக் கிண்ணத்தை வைத்தான். முக்கினான். இறக்கினான். தண்ணீரைவிடப் பசை நிதானமாக நீளும். அவன் அவசரம் அதற்குத் தெரியாது. மூட்டைக்காரர்களின் சிரிப்பு கேட்டது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னின் இரைச்சல் கேட்டது. பிறகு அது நின்றது. இரைச்சல் நின்றதுதான் அதிகம் பயமாக இருந்தது.

அறுந்தது. நாற்பத்திரண்டு.

பசையில் ஒரு குறையும் இல்லை. காலையிலும் இருக்கவில்லை.

ஷட்டருக்கு அடியில் ஏஞ்சல் ஏற்கெனவே பாதி உடம்பை நுழைத்திருந்தாள். மூட்டைக்காரன் அவள் தோளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். லோகேஸ்வரன் அந்தக் காலைப் பிடித்து இழுத்தான். மூட்டைக்காரன் மல்லாக்க விழுந்து, சிமெண்ட் தரையில் மண்டை மோதி, அப்படியே கிடந்தான். இருவரும் உள்ளே போனார்கள்.

டேனியலை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, இடுப்போடு இரும்புத் தூணில் கட்டியிருந்தார்கள். வலது முழங்கையை மெஷின் மேடையோடு சேர்த்து சரத்குமார் தன் முழு எடையால் அழுத்திக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் பசையோடு அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கலந்து தடவி, கான்வாஸ் பட்டையை அதன்மேல் வைத்து, ஹீட் கன்னால் சுட்டுச் சுட்டு அழுத்தியிருந்தார்கள். இந்தப் பசைக்கு ஈரமும் சூடும் கிடைத்தால் போதும், விடாது. கையில் வியர்வை இருந்தது. விரல்கள் வேகவைத்த மாதிரி சிவந்து வீங்கியிருந்தன. பட்டையின் மறுமுனை மெஷினின் தாடையில் இருந்தது.

"சார்! பசை நல்லா இருக்குது சார்! நாப்பத்திரண்டு! வளையத்துல சந்தனம் ஒட்டிக்கினு இருந்திச்சி சார், நீங்க வெச்ச சந்தனம். தப்பு என்னுது. துடைச்சது பத்தல. நான் அளந்துட்டேன் சார், சரியா இருக்குது!"

சரத்குமார் மாணிக்கவேலைப் பார்த்தான். பிடி கொஞ்சம் தளர்ந்தது. அந்த நொடியில் எல்லாம் முடிந்துபோயிருக்கலாம். அவிழ்த்துவிட்டு, கையைத் தின்னரில் ஊற வைத்திருந்தால், பசை கரைந்து தோல் தப்பியிருக்கும்.

மாணிக்கவேல் தன் பேண்ட்டில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தான்.

"அப்போ நல்ல பசைன்ற."

"ஆமா சார்."

"நல்லா ஒட்டும்ன்ற."

லோகேஸ்வரன் தாடையில் இருந்த பட்டையைப் பார்த்தான்.

"பாத்துடுவோம்" என்று சொல்லி மாணிக்கவேல் பச்சை பட்டனை அழுத்தினான்.

மோட்டார் முனகியது. தாடை மேலே ஏறத் தொடங்கியது. மெதுவாகத்தான் ஏறும் அது. அவசரமாக இழுத்தால் சோதனை தப்பாகும் என்று அப்படி வைத்திருந்தார்கள், வைத்ததும் லோகேஸ்வரன்தான். பட்டை விறைத்தது. டேனியலின் கை மேடையிலிருந்து எழும்பியது. சரத்குமார் பயத்தில் இன்னும் அழுத்தினான். விட்டுவிடத் தோன்றவில்லை அவனுக்கு. உள்ளங்கையின் தோல் கூடாரம் போலக் கிளம்பி நின்றது.

மெஷினை நிறுத்த ஒரு சிவப்பு பட்டன் இருந்தது, ஒரு எலுமிச்சை அளவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினாலும் படும். லோகேஸ்வரன் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும். அவன் குனிந்தான். படலம் சுற்றுகிற இரும்புக் குழாய் காலடியில் கிடந்தது. அதை எடுத்தான்.

முதல் அடி மாணிக்கவேலின் முழங்கைக்கு மேலே விழுந்தது. எலும்பு உடைந்து, கை வேறு பக்கம் மடங்கியது. இரண்டாவது தோளில். மாணிக்கவேல் "டேய், டேய்" என்றுதான் கத்தினான், வேறு வார்த்தை வரவில்லை. மூன்றாவது முழங்காலில். விழுந்தான். விழுந்த பிறகும் லோகேஸ்வரன் அடித்தான். முதுகில் அடித்தான், தொடையில் அடித்தான், தலையைக் காக்க வந்த விரல்களில் அடித்தான். அடிக்க அடிக்க அவனுக்குள் ஏதோ இறங்கி லேசாகிக்கொண்டே வந்தது. சந்தனத்துக்கு முன்னால் வாயை மூடியது, "சார்" என்றது, துடைத்தது, எல்லாமே குழாயின் முனையில் இறங்கிக்கொண்டிருந்தன. நன்றாகவே இருந்தது. அதுதான் உண்மை. டேனியலின் அலறல் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு அலறலுக்கும் இன்னும் ஒரு அடி போட்டான்.

சிவப்பு பட்டனை அடித்தது ஏஞ்சல். சரத்குமாரின் முதுகில் ஏறி, அவன் காதைப் பல்லால் கவ்வி, அவன் உதறியதும் அந்த வேகத்திலேயே மெஷின் மேல் விழுந்து, கைக்கு எட்டியதை எல்லாம் அடித்தாள். மோட்டார் நின்றது.

தாமதமாகிவிட்டது. பட்டை தாடையிலிருந்து தொங்கியது. அதன் கீழ்ப்பாதியில், கையுறையைக் கழற்றிப் போட்ட மாதிரி, டேனியலின் உள்ளங்கை ஒட்டியிருந்தது. ரேகைகள்கூடத் தெரிந்தன. மெஷினின் திரையில் ஒரு நம்பர் பச்சை நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை.

சரத்குமார் காதைப் பொத்திக்கொண்டு ஷட்டருக்கடியில் ஊர்ந்து போய்விட்டான். வெளியே பெண்கள் கூடி நின்று கத்தினார்கள். யாரோ ஆம்புலன்ஸ் என்றார்கள், யாரோ போலீஸ் என்றார்கள். மாணிக்கவேல் தரையில் ஒருக்களித்துக் கிடந்து வாந்தி எடுத்தான். உயிர் இருந்தது.

ஏஞ்சல் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கையைச் சுற்றினாள். சுற்றச் சுற்ற துணி சிவந்தது. டேனியல் இப்போது கத்தவில்லை. பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. லோகேஸ்வரன் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் பிய்க்க வேண்டியிருந்தது.

"லோகு."

"சொல்லுபா. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், பேசாத."

"அந்தச் செவப்பு பட்டன்." டேனியல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உன் கைக்குக் கிட்டத்தான இருந்திச்சி?"

லோகேஸ்வரன் பட்டனைப் பார்த்தான். பொய் ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஆமாபா."

"நான் பாத்துக்கினே இருந்தேன். அழுத்துவ, அழுத்துவன்னு."

ஏஞ்சல் இடப்பக்கம் தோள் கொடுத்து அவனை எழுப்பினாள். கால் நிற்கவில்லை. லோகேஸ்வரன் அவசரமாக வலப்பக்கம் போய்த் தோளைக் காட்டிக் குனிந்து நின்றான். டேனியல் தள்ளாடினான். விழப் போனான். விழுந்தாலும் பரவாயில்லை என்பது போல, லோகேஸ்வரன் பக்கம் மட்டும் சாயவில்லை.